வெள்ளவத்தையில ரோட்டுக்கடையை விட்டுட்டு மேல்மாடிக்கு ஏறுறதா? கடைக்காரர், வாங்கிற ஆக்கள் எல்லாரும் சொல்லுங்கோ

சீலைக்கடைக்காரி:

வணக்கம் எல்லாருக்கும். நானும் அம்மாவும் வெள்ளவத்தை காலி வீதியில ஒரு சின்னச் சீலைக்கடை வச்சிருக்கிறம். சீலை, சுரிதார் துணி, பின்னுக்கு ஒரு மெசின் போட்டு ப்ளவுஸ் தையல், ஃபோல்ஸ் அடிக்கிறது எல்லாம் இருக்கு. தைப்பொங்கலோட லீஸ் முடியுது. கட்டடக்காரர் வாடகையையும் கூட்டி கீ மணியும், அதான் கடை எடுக்க முதலே மொத்தமாக் குடுக்கிற காசு, புதுசா வேணுமாம். அதே கட்டடத்தில ரெண்டாம் மாடியில ஒரு அறை கிடக்கு, வாடகை பாதிக்கும் குறைவு. தம்பி சொல்றான் கொறோனாவோட சனத்தின்ர பழக்கமே மாறிப்போச்சு, இனி ஆர் வெயிலுக்குள்ள நடந்து வந்து கடை ஏறுறது, மேல போய் பேஸ்புக் லைவ் போட்டு வட்சப்பில ஓடர் எடுத்து பாசல் கட்டி அனுப்புவம் எண்டு. அம்மா கேக்கிறா, அப்ப போர்ட்டை எங்க தொங்கவிடுறது எண்டு.

ரெண்டு பேர் சொல்றதிலயும் நியாயம் இருக்கு. கிழமை நாளில மத்தியானம் கடை வெறிச்சோடித்தான் கிடக்கும். வாற ஆக்களிலயும் கொஞ்சப்பேர் போனும் கையுமா வந்து, சீலையை விரிக்கச் சொல்லி, கனடாவில இருக்கிற தங்கச்சிக்கு வீடியோவில காட்டி, யோசிச்சிட்டு வாறம் எண்டு போயிடுவினம். ஆனா லைவில வாங்கிற ஆக்களின்ர பேரைப் பாத்தா முக்கால்வாசியும் முந்தி கடைக்கு வந்து போனவைதான், அதுதான் எனக்கு இடிக்குது. மற்றக் கடைக்காரருக்கு எப்பிடி ஓடுது, வாங்கிற நீங்கள் எப்பிடி மாறியிருக்கிறியள் எண்டு சொல்லுங்கோ. அறிவுரை வேணாம், உங்கட வீட்டில நடக்கிறதைச் சொன்னாக் காணும்.

பெரியக்கா:

பிள்ளை, நான் வாங்கிற பக்கத்து ஆள். 2020 மார்ச்சில கெர்பியூ போட்டாப்போல எங்கட ஃபிளட்ஸில ஒரு வட்சப் குரூப் தொடங்கினவை, மரக்கறி லொறி எப்ப வருது, ஆர் கோழி கொண்டு வருகினம், எந்த பாமசி திறந்திருக்கு எண்டு. அந்தக் குரூப் இப்பவும் இருக்கு, மீன்காரர் அதிலதான் விடியவே படம் போடுறார், இண்டைக்கு விளைமீன், கணவாய் எண்டு. அரிசி, பருப்பு, சவுக்காரம் மாதிரி பாரமான சாமான் எல்லாம் சுப்பர்மார்க்கட் அப்பில போட்டுவிடுவன், பெடியன் கொண்டுவந்து வாசல்ல வைப்பான். மரக்கறிக்கு மட்டும் மார்க்கட்டுக்குத்தான், முருங்கைக்காயை முறுக்கிப் பாக்காம எனக்கு வாங்கத் தெரியாது.

சீலைக்கு வருவம். ஓன்லைனில ஒருக்கா மாம்பழ மஞ்சள் எண்டு போட்டிருந்த சீலையை எடுத்தன், வந்தது இருமலுக்குக் குடிக்கிற மஞ்சள் பால் நிறம். கேட்டா உங்கட போன் ஸ்கிரீன் அப்பிடிக் காட்டியிருக்கும் எண்டினம். அதுக்குப் பிறகு வாசலடிக்குக் கொண்டு வந்து பகல் வெளிச்சத்தில பிடிச்சுப் பாக்காம நான் காசு குடுக்கிறதில்ல. கோவிக்காதேங்கோ, உங்கட கடை லைட்டுக்குள்ள எல்லாச் சீலையும் வடிவுதான்.

ஆனா ஒண்டு மாறினது உண்மை. முந்தி ஒரு கலியாணம் எண்டா விடியவே வெளிக்கிட்டு, புறக்கோட்டையில தொடங்கி வெள்ளவத்தை வரைக்கும் ஏறி இறங்கி, நடுவில எங்கயாவது தோசையும் சாப்பிட்டு, பொழுதுபட வீட்ட வருவம். இப்ப மகள் போனில ஏழெட்டுக் கடையைப் பாத்து அதில ஒண்டைத் தெரிவு செய்த பிறகுதான் வெளிக்கிடுறது. போறது குறைவு, போனா வாங்காம வாறதும் குறைவு. மற்றது, ரெண்டாம் மாடிக்கு லிஃப்ட் இருக்கோ? என்ர முழங்கால் ஏறாது, இப்பவே சொல்லிப்போட்டன்.

சீலைக்கடைக்காரி:

லிஃப்ட் இல்லை அக்கா 😐

ஞாயிறுமோல்:

கடை எல்லாம் செத்துப்போச்சு எண்டு அழுற ஆக்கள் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வன் கோல்ஃபேஸ் பக்கம் ஒருக்கா போய்ப் பாருங்கோ, நடக்க இடம் இருக்காது. அந்த மோல் 2019 நவம்பரில திறந்து நாலு மாசம் ஓடமுதல் கொறோனா வந்தது, பிறகு 2022 பொருளாதார நெருக்கடிக் கூத்து, எல்லாத்தையும் தாண்டி நிண்டுகொண்டுதானே இருக்கு. அதுக்குப் பிறகு ஹெவ்லொக் சிட்டியிலயும் புதுசா மோல் திறந்தாச்சு. சனம் வெளிய வரத்தான் விரும்புது, வாறதுக்கு ஒரு காரணம் குடுக்க வேணும்.

கணக்குப்பிள்ளை:

@ஞாயிறுமோல் தம்பி, நடக்க இடமில்லை சரி, கையில பாக் எத்தினை பேரிட்ட இருக்கு எண்டும் பாருங்கோ. அங்க போறது ஏசிக்கும் ஃபுட்கோர்ட்டுக்கும் படத்துக்கும் பிள்ளையளை ஓடவிடுறதுக்கும். அது பிழை இல்லை, ஆனா அதை வச்சு காலி வீதியில ஒரு சீலைக்கடைக்குக் கணக்குப் போட ஏலாது.

மூணாம்குறுக்கு:

தங்கச்சி, நான் புறக்கோட்ட மூணாம் குறுக்குத் தெருவுல ஹோல்சேல், வாப்பாட காலத்துக் கடை. எங்கட கத கொறோனாவுல தொடங்கல்ல. 2019 ஏப்ரல் உயிர்த்த ஞாயிறு குண்டுக்குப் பொறகு மாசக்கணக்கா தெருவுல ஆள் இல்ல, எங்கட முஸ்லிம் ஆக்கள்ட கடைக்கு வரவே வேணாமுன்னு சொன்ன காலம் அது, ஒங்களுக்கும் ஞாபகம் ஈக்கும். கொஞ்சம் மூச்செடுக்கக்குள்ள 2020 மார்ச் வந்த. அந்த வருசம் நோன்புப் பெருநாளுக்கு நாடு முழுக்க கெர்பியூ, பெருநாளுக்கு எறக்கின சரக்கு அப்பிடியே கட்டோட கெடந்த. தீபாவளிக்கு சரி விப்பமுன்னு ஈந்தா பேலியகொட மீன் சந்தைல கொறோனாக் கொத்தணி வந்து மேல் மாகாணத்தையே பூட்டினாங்க. 2021 ஓகஸ்ட்ல திரும்பப் பூட்டி ஒக்டோபர்லதான் தொறந்த.

அந்த நேரந்தான் வீடியோ கோல் யாவாரம் பழகினோம். முந்தி கல்முன, மட்டக்களப்பு, யாழ்ப்பாணம், மன்னார்ல இருந்தெல்லாம் யாவாரிமார் இரவு பஸ்ஸுல வந்து எறங்கி, பிளேன்டீ குடிச்சிட்டு, கட கடையா ஏறி, பகலைக்கு முந்தி பேல் கட்டி, மூட்ட சொமக்கிற நாட்டாமிமார்ட வண்டில ஏத்தி லொறிக்கு அனுப்பிட்டுப் போவாங்க. இப்ப அவங்க ஊர்லயே ஈக்காங்க. நான் போனத் தூக்கிக்கொண்டு ரெக்க ரெக்கயா நடக்கிற, அவர் அங்க இருந்து அந்தப் பச்சய எடுங்க, முந்தானையக் காட்டுங்கண்டு சொல்லிய, சல்லி பேங்க்ல விழுந்த மெசேஜ் வந்தாப் பேல் கட்டுற. பழைய யாவாரி, பத்து இருவது வருசத்து மொகம், அதனால நம்பி வாங்குறார். புது யாவாரி ஒருத்தர் இந்த மாதிரி வீடியோல மட்டும் பாத்து எங்கிட்ட வாங்கினது இன்னம் இல்ல, மொத தரம் ஆள் நேர்ல வரத்தான் செய்றார்.

ஆனா நீங்க எல்லாம் ஓன்லைன் ஓன்லைன் எண்டு பேசிய, எங்கட தெருவுல பெரிய மாத்தம் அது இல்ல. கடன் யாவாரம் இல்லாமப் போனதுதான். முந்தி தொண்ணூறு நாள் செக்ல சரக்குக் குடுக்கிற, அந்தக் கடனுலதான் ஊர்க் கடை எல்லாம் ஓடின. 2022ல டொலர் 203ல ஈந்து ரெண்டு மாசத்துல 360க்குப் போனா, மூணு மாசத்துக்குப் பொறகு வார செக்குல அதே சரக்குல பாதியச் சொச்சந்தான் திரும்ப வாங்க ஏலும். அண்டைக்கு நிப்பாட்டின, இன்னம் பழையபடி வரல்ல. கையில சல்லி ஈந்தா எடு, இல்லாட்டி கொஞ்சமா எடு. அதனால சில்லறக் கடைல சரக்குக் கொறஞ்ச, சரக்குக் கொறஞ்ச கடைல வாடிக்கக்காரர் ஏறிப்பாத்துட்டு வெறுங்கையோட எறங்கிய. அவங்க ஓன்லைனுக்குப் போனாங்க எண்டு கடைக்காரர் சொல்லிய.

இன்னொண்டும் சொல்லணும், ஒங்களுக்குப் பிடிக்காது. முந்தி நாங்க ஒரு பீஸ் விக்க மாட்டோம். இப்ப விக்கிறோம். என்ன செய்ய.

சீலைக்கடைக்காரி:

நானா, அது எங்களுக்குத் தெரியும் 😄 கடைக்கு வந்து "இதே சீலை மூண்டாம் குறுக்குத் தெருவில இவ்வளவுதானே" எண்டு படத்தோட காட்டிற ஆக்கள் இருக்கினம். ஆனா ப்ளவுஸ் தைச்சு, ஃபோல்ஸ் அடிச்சு, அளவு பிழைச்சா திருத்தித் தாறது நீங்கள் செய்யமாட்டியள் தானே. அம்மா அதை வச்சுத்தான் ஆக்களைப் பிடிச்சு வச்சிருக்கிறா.

கணக்குப்பிள்ளை:

நானா சொன்னதில ஒரு பகுதியை நான் கணக்காச் சொல்றன். 2022 செப்டெம்பரில கொழும்புப் பணவீக்கம் 69.8 வீதம், சாப்பாட்டுச் சாமான் மட்டும் பாத்தா 95க்குக் கிட்ட. சம்பளம் அப்பிடி ஏறேல்ல. மத்திய வங்கி, வங்கியளுக்குக் கடன் குடுக்கிற கொள்கை வட்டியை அந்த வருசம் ஜூலையில 15.5க்கும் 2023 மார்ச்சில 16.5க்கும் கொண்டுபோனது, கடை வைக்க லோன் எடுத்தவன் அதுக்கு மேல எவ்வளவு கட்டியிருப்பான் எண்டு நீங்களே யோசியுங்கோ. பிறகு 2024 ஜனவரியில வற் வரி 18 வீதம் ஆச்சு. பணவீக்கம் இறங்கினது உண்மை, ஆனா பணவீக்கம் இறங்கினா விலை ஏறுற வேகம்தான் குறையும், ஏறின விலை ஏறினதுதான்.

கொட்டாஞ்சேனையில எங்கட லேனில ஒரு பலசரக்குக் கடை இருக்கு. 400 கிராம் பால்மா 2022 மார்ச்சில 790க்குப் போனாப் பிறகு அவர் பெரிய பெட்டியை உடைச்சு கிராம் கணக்கில சின்னப் பையில கட்டித் தொங்கவிட்டார். தேங்காய் எண்ணெய் சின்னப் போத்தல், பருப்பு நூறு கிராம், ஷாம்பு பக்கட். சுப்பர்மார்க்கட்டில இதெல்லாம் இல்லை, அங்க உங்கட பேர் எழுதின கடன் கொப்பியும் இல்லை. கொறோனாவில சுப்பர்மார்க்கட் அப்புக்குப் போன சனத்தில ஒரு பங்கு 2022ல திரும்ப லேன் கடைக்கு வந்தது. வந்ததுக்குக் காரணம் பாசம் இல்லை, கொப்பி. அதாலதான் ஊரடங்கையும் பொருளாதார நெருக்கடியையும் ஒண்டாப் போட்டுக் குழப்பாதேங்கோ எண்டு சொல்றன். ஊரடங்கு எப்பிடி வாங்கிறது எண்டதை மாத்தினது, நெருக்கடி எவ்வளவு வாங்கிறது எண்டதை மாத்தினது. உங்கட கடைக்கு இதில எது கூட அடிச்சிருக்கு எண்டு முதல்ல பிரிச்சுப் பாருங்கோ.

தம்பியின்ர திட்டத்துக்கு ஒரு பேப்பர் எடுங்கோ. வாடகையில மிச்சம் பிடிக்கிறது ஒரு பக்கம். மற்றப் பக்கம் பாக், டேப், டிலிவரி, திரும்பி வாற பாசல், திரும்பி வந்த சீலையை அயன் பண்ணி மடிக்கிற கூலி, தவணைமுறை அப்பில குடுத்தா அவங்கட கொமிசன், இரவு பதினொரு மணிக்கும் "ஹாய் விலை?" எண்டு கேக்கிறவைக்குப் பதில் எழுதுற ஆளின்ர சம்பளம். அந்த ஆள் நீங்கள்தான் எண்டாலும் சம்பளம் போட்டுத்தான் பாக்க வேணும்.

சைக்கிள்பெடியன்:

அண்ணே அக்கா எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் ஹட்டன் பக்கம், இப்ப கொட்டாஞ்சேனையில ரூம் எடுத்து டிலிவரி ஓடுறேன். பாசல் திரும்பி வர்றதப் பத்தி சொன்னாங்கல்ல, அத நான் சொல்றேன்.

கேஷ் ஒன் டிலிவரினா மாசத்துல எந்தத் தேதினு பாருங்க அக்கா. இருபத்தஞ்சுக்குப் பொறகு சம்பளம் வந்திருச்சுனா பாசலக் குடுத்ததும் காசு. பதினெட்டு, இருபதுல போனா போன் ஓஃப், இல்லனா "நாளைக்கு வாங்க தம்பி". ஓடர் போட்டப்ப ஆச, நான் போய் நிக்கிறப்ப காசு இல்ல, அவ்வளவுதான், அவங்க கெட்டவங்க இல்லங்க. சில பேரு வாசல்லயே பிரிச்சு கலர் சரியில்லனு திருப்பித் தருவாங்க, உடுப்பு பாசல்லதான் இது ரொம்ப. சில பேரு அட்ரஸ்ல வெள்ளவத்தை கோயிலுக்குப் பக்கம்னு மட்டும் போடுவாங்க, எந்தக் கோயிலுங்க? ஃபிளட்ஸுனா செக்கியூரிட்டி மேல விடமாட்டாரு, கேட்ல மேசை போட்டு வச்சிருப்பாரு, கொப்பியில எழுதிட்டு வச்சிட்டுப் போகணும். அப்பறம் பாசல் காணோம்னா நம்ம தலையில.

2022 ஜூன் கடைசில பெட்ரோல நிப்பாட்டுனப்ப பைக்க ரூம்ல வச்சிட்டு புஷ் பைக்ல ஓடுனோம், அப்பத்தான் இந்தப் பேரு வந்துச்சு. பொறகு கியூஆர் பாஸ் வந்தும் பைக்குக்கு கெழமைக்கு 4 லீற்றர், அதுல என்னத்த ஓடுறது. அந்த நேரம் வெள்ளவத்தையில ஒரு கடைக்காரரு சொந்தமா ஒரு பொடியன சைக்கிளோட வச்சுக்கிட்டு பக்கத்து லேனுக்கெல்லாம் மட்டும் அனுப்புனாரு, இப்பவும் அப்பிடித்தான் செய்றாரு. தெரிஞ்ச வீடு, தெரிஞ்ச பொடியன், பாசல் திரும்புறதே இல்லனு சொல்வாரு. தூரத்துக்குனா முதல்லயே காசு வாங்கிருவாரு.

லண்டன்குளிர்:

வெள்ளவத்தையில வளந்த ஆள், இப்ப லண்டன். இஞ்ச கொறோனாவுக்குக் கொஞ்சம் முதல் நூறு பவுண்ட் சில்லறை வியாபாரத்தில 20 பவுண்ட் அளவுதான் ஓன்லைன். 2021 தொடக்கத்தில லொக்டவுனுக்குள்ள 37 வரைக்கும் போச்சு, இனிக் கடையே இருக்காது எண்டு பேப்பர் முழுக்க எழுதினவை. பிறகு 26, 27க்குள்ள இறங்கினது. அதுக்குள்ள டெபன்ஹாம்ஸ் எண்ட இருநூறு வருசத்துக்கு மேற்பட்ட கடை 2021 மேயோட எல்லாத்தையும் பூட்டிப்போட்டுது, பேரை மட்டும் ஒரு ஓன்லைன் கொம்பனி வாங்கி வச்சிருக்கு. டொப்ஷொப்பும் அந்த நேரம் அப்பிடித்தான் போனது. போனதில முக்கால்வாசியும் நடுத்தரம், மலிவும் இல்லாம விசேசமும் இல்லாம இருந்த கடையள். கொறோனாவுக்கு முதலே ஆட்டம் கண்டதுகள்.

சைக்கிள் தம்பி சொன்ன திரும்பி வாற பாசல் பிரச்சினை இஞ்சயும் இருக்கு. சாரா மாதிரிப் பெரிய கடையே 2022ல இருந்து தபாலில திருப்பி அனுப்பினா 1.95 பவுண்ட் கழிக்கத் தொடங்கினது, கடைக்குக் கொண்டுபோய்க் குடுத்தா கழிக்கமாட்டினம். ஏனெண்டா திருப்பிக் குடுக்க வாற ஆள் வெறுங்கையோட போகாது. ஓன்லைனில இவ்வளவு விக்கிறவனே ரோட்டுக்கடையை விடாம பிடிச்சுக்கொண்டு நிக்கிறான்.

ஞாயிறுமோல்:

லண்டன் கணக்கு இஞ்ச சரிவராது அண்ணை. அங்க காட் இல்லாத ஆள் இல்லை, இஞ்ச பாதிச் சனம் இன்னும் பாசல் கைக்கு வந்தாப்பிறகுதான் காசை எடுக்குது. போனால ஸ்கான் பண்ணிக் காசு கட்டுற லங்கா கியூஆர் ஸ்டிக்கர் ஒட்டின கடையிலயே "காசா இருந்தா நல்லம்" எண்டுதான் சொல்லுவினம்.

லண்டன்குளிர்:

அதுதான் நானும் சொல்றது தம்பி. நம்பிக் காசு குடுக்கிற பழக்கம் குறைஞ்ச இடத்தில கடை வாசலுக்குப் பெறுமதி இன்னும் கூட.

பெரியக்கா:

சைக்கிள் தம்பி, எங்கட ஃபிளட்ஸ் செக்கியூரிட்டி நல்லவர், அவரைச் சொல்லாதேங்கோ 😂

கணக்குப்பிள்ளை ஐயா சொன்ன மாதிரி நாங்களும் எண்ணித்தான் வாங்கிறம். முந்தி வருசத்துக்குத் தீபாவளி, பொங்கல், கோயில் திருவிழா எண்டு ஒவ்வொண்டுக்கும் ஒரு சீலை. இப்ப இருக்கிற சீலைக்கு புது ப்ளவுஸ் மட்டும் தைச்சு மாத்திக் கட்டுறம். பிள்ளை, உங்கட தையல் மெசினை மேல கொண்டுபோகாதேங்கோ, அதுக்குத்தான் நாங்கள் வருவம். அளவுச்சட்டையைக் குடுத்திட்டு நிக்கிற நேரத்தில கண்ணில படுற சீலையைத்தான் நான் கூடுதலா வாங்கியிருக்கிறன்.

கணக்குப்பிள்ளை:

அக்கா சொன்னதை எழுதி வையுங்கோ சீலைக்கடைக்காரி. தையலுக்கு வந்து சீலை வாங்கினவை எத்தினை பேர் எண்டு பில் கொப்பியில இருக்கும். அதையும், லைவில வாங்கினவையில முந்திக் கடைக்கு வராத ஆக்கள் எத்தினை எண்டதையும் எடுத்தா வாடகை எதுக்குக் குடுக்கிறியள் எண்டு விளங்கும்.

சீலைக்கடைக்காரி:

ரெண்டு நாளா அம்மாவும் நானும் பில் கொப்பியளைத்தான் புரட்டினம். தையலுக்கு வந்தவையில அரைவாசிக்கு மேல ஏதோ ஒண்டு வாங்கிக்கொண்டுதான் போயிருக்கினம், சீலை இல்லாட்டியும் பாவாடைத் துணியாவது. லைவில முழுப் புது ஆள் எண்டு பாத்தா மிச்சம் குறைவு, அதிலயும் கூட யாழ்ப்பாணம், வவுனியா ஆக்கள், இரவு பஸ்ஸில பாசல் போடச் சொல்லிக் கேக்கிறவை. எங்கட கடையடியாலதான் அந்த பஸ்ஸும் வெளிக்கிடுறது, அது ஒரு வசதி. அவையும் கேட்டுப் பாத்தா ஆரோ ஒரு மச்சாள், ஒரு சித்தி எங்கட கடையில வாங்கினதைக் கண்டிட்டுத்தான் வந்திருக்கினம். தம்பிக்குக் காட்டினன், கொஞ்சம் முகம் சுருங்கினான், பிறகு "அப்ப லைவ் விடுறதில்லை தானே" எண்டான். லைவ் விடுறதில்லை, அது ஓடட்டும்.

இப்ப யோசிக்கிறது இதுதான். கடையின்ர அகலத்தில பாதியைப் பக்கத்தில போன் கவர், ஹெட்செட் விக்கிற பெடியனுக்கு விட்டா வாடகை பங்காகும். மெசினும் கண்ணாடியும் எங்கட பாதியில வாசலுக்குக் கிட்ட, பெரியக்கா வெளிச்சத்தில பிடிச்சுப் பாக்கிற மாதிரி. சரக்கை மேல அறையில வைக்கலாமோ எண்டு கட்டடக்காரரிட்டக் கேக்கிறம், ரெண்டும் சேர்த்து எடுத்தா கீ மணியை விடுவாரோ தெரியாது. நானா, சரக்குக் கொஞ்சமா அடிக்கடி எடுத்தா உங்கட விலை மாறுமோ?

மூணாம்குறுக்கு:

மாறாது தங்கச்சி, கையில சல்லி ஈந்தா ஒரே வெல. கிழமைக்கு ஒருக்கா வாங்க, இல்லாட்டி வீடியோல பாருங்க, நீங்க பழைய மொகம் தானே. ஆனா அந்த போன் கவர் பொடியனோட பங்கு போடுறத வாய்ப்பேச்சா வெக்காதீங்க. கட்டடக்காரர்ட கையொப்பமும் வாங்கி, லீஸ்லயே பங்குக்கு விடலாமெண்டு நொத்தாரிசு வெச்சு எழுதுங்க. எங்கட தெருவுல அப்பிடி எழுதாம விட்டு, கட ரெண்டும் பூட்டிக் கெடக்கிற கேஸ் நெறய ஈக்கி.

சைக்கிள்பெடியன்:

அக்கா சைக்கிள் பொடியன் தேவைனா சொல்லுங்க, நம்ம ரூம்ல ஒருத்தன் இருக்கான், வெள்ளவத்தை லேன் எல்லாம் தண்ணிபட்ட பாடு. கோயில் பேரோட அட்ரஸ் குடுத்தீங்கனா போதும்.

பெரியக்கா:

வெள்ளிக்கிழமை வாறன் பிள்ளை, ரெண்டு அளவுச்சட்டை இருக்கு. ஃபோல்ஸ் அடிக்கவும் ஒரு சீலை கொண்டு வருவன். அம்மாவிட்டச் சொல்லி வையுங்கோ, போன முறை கை கொஞ்சம் இறுக்கம்.